வேக மின்னேற்றம்: எத்தனை நிமிடம் காத்திருப்பது?

2001ஆம் ஆண்டு பெங்களூருவில் உருவாகி விற்பனைக்கு வந்த ரேவா மின்காரின் ஈய-அமில மின்கலம் முழுமையாக நிரம்ப ஏறத்தாழ 8 மணி நேரம் ஆயிற்று. இன்றைய மின்கார்கள் ஒரு மணி நேரத்திற்குள் 80 விழுக்காடு நிரம்பும் என விளம்பரங்கள் கூறுகின்றன. மின்கார் வாங்கக் கடன் பெற எண்ணுவோர் அக்கணக்கைத் தாமே போட்டுப் பார்ப்பது நலம்.

ஏற்ற வேண்டிய யூனிட்டுகளைக் கிலோவாட் திறனால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் அதே யூனிட்தான் இதுவும்.

எனினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, சார்ஜரின் திறன், கார் ஏற்கும் திறன் ஆகிய இரண்டில் குறைந்ததே கணக்கில் சேரும். 60 கிலோவாட் சார்ஜரில் நின்றாலும், 50 கிலோவாட் மட்டுமே ஏற்கும் கார் அதற்குமேல் பெறாது. ஒரே சார்ஜரில் இரு கார்கள் இணைந்தால் அத்திறனும் பங்கிடப்படலாம். இரண்டாவது, குடத்தின் கழுத்தை எட்டியதும் நீரை மெல்ல ஊற்றுவதுபோல், 80 விழுக்காட்டை நெருங்கியதும் மின்கலத்தைக் காக்கக் காரே வேகத்தைக் குறைத்துவிடும். கடும் வெயிலில் மின்கலம் சூடேறினாலும் அவ்வாறே. ஆகவே உச்சத் திறனில் 70 விழுக்காட்டைச் சராசரியாகக் கொள்வது பாதுகாப்பானது.

பெங்களூருவிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். 40 யூனிட் மின்கலம், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓட்டம், 50 கிலோவாட் ஏற்புத்திறன் எனக் கொள்வோம். வீட்டிலேயே முழுமையாக ஏற்றிப் புறப்பட்டால், 210 கிலோமீட்டர் கடந்து வேலூரை அடைகையில் 10 யூனிட் மீந்திருக்கும். எஞ்சிய 140 கிலோமீட்டருக்கு 20 யூனிட், கையிருப்பாக 8 யூனிட் என 28 யூனிட் தேவை. ஏற்ற வேண்டியது 18 யூனிட் மட்டுமே. அதனை 35 கிலோவாட் சராசரியால் வகுத்தால் சுமார் 31 நிமிடம். ஒரு சிற்றுண்டி நேரம். அங்கேயே 100 விழுக்காடு நிரப்ப முனைந்தால் மேலும் முக்கால் மணி நேரம் வீணாகக்கூடும். பின்னால் நிற்பவரும் காத்திருக்க நேரும்.

கையிருப்பு 8 யூனிட்டைக் குறைக்க வேண்டாம். வழியில் ஒரு சார்ஜர் பழுதாகியிருந்தால் அடுத்ததை அடைய அதுவே துணை.

கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: பயன்படுத்தத்தக்க மின்கல அளவு எத்தனை யூனிட்? கார் ஏற்கும் உச்சத் திறன் எவ்வளவு? 20 முதல் 80 விழுக்காடு வரை ஏற எத்தனை நிமிடம்? விடைகளைப் பெற்று, தாங்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். தங்களுக்கு எவ்வளவு பெரிய மின்கலம் தேவை, அதற்கேற்ப எவ்வளவு கடன் போதும் என்பது அப்போது தெளிவாகும்.