மான் நார் ஒட்டிய வில்: கடைசி மனிதர் கற்றுக்கொடுத்த கைவேலை

வில் என்றதும் ராமரின் கோதண்டமும் அர்ஜுனனின் காண்டீபமும் நினைவுக்கு வரும். சேரர்களின் சின்னமும் வில்தான். ஆனால் வில்லை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டால், மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டுவார்கள் என்பதோடு பெரும்பாலோரின் பதில் முடிந்துவிடும். பிள்ளைகள் விளையாடும் வில்லுக்கு அது போதும். மானை வீழ்த்தி அன்றாடம் குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய வில்லுக்கு அது போதாது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மலைகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மரத்தில் வில்லைச் செதுக்கி, அதன் முதுகில் மானின் தசைநாரைப் பசை வைத்து ஒட்டினார்கள். இந்த வேலையை ஒரு மனிதர் செய்ததை இன்னொருவர் அருகில் இருந்து பார்த்து, கற்று, எழுதி வைத்தார். அதனால்தான் அந்த இனத்தாரின் வில் எப்படி உருவானது என்பது இன்று நமக்குத் தெரிகிறது.

யார் அந்த இஷி?

1911 ஆகஸ்டு 29ஆம் தேதி, ஓரோவில் என்ற ஊரின் அருகே ஓர் இறைச்சிக்கூடத்தில், பசியால் வாடிய ஒரு மனிதர் பிடிபட்டார். வயது ஏறக்குறைய 50 இருக்கும். அவர் பேசிய மொழி அங்கிருந்த யாருக்கும் புரியவில்லை. அவர் யாஹி இனத்தின் கடைசி ஆள் என்பது பின்னர் தெரிய வந்தது.

1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அதைத் தேடி வந்து குடியேறியவர்கள் அடுத்தடுத்து நடத்திய படுகொலைகளில் யாஹி மக்கள் அழிக்கப்பட்டார்கள். எஞ்சிய சிலர் மலை இடுக்குகளில் பல ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தார்கள். 1908இல் நில அளவையாளர் குழு ஒன்று அவர்கள் ஒளிந்திருந்த இடத்தைத் தற்செயலாகக் கண்டது. வில், அம்பு, கூடை, போர்வை என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போனது. அதன்பின் இஷியின் உறவினர் யாரும் உயிரோடு காணப்படவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் தனியே வாழ்ந்தார்.

மானிடவியல் அறிஞர் ஆல்ஃபிரட் குரோபர் அவரைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்க வைத்தார். தன் பெயரை அந்நியரிடம் சொல்வது யாஹி வழக்கம் அல்ல. அதனால் ‘மனிதன்’ என்று அவர்கள் மொழியில் பொருள்படும் ‘இஷி’ என்ற சொல்லே அவருக்குப் பெயராயிற்று. உண்மைப் பெயர் கடைசி வரை வெளிவரவில்லை.

பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருந்தது. அங்கே அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப், இஷிக்கு மருத்துவம் பார்க்க வந்து நண்பரானார். வில் செய்யவும் எய்யவும் அவரிடமே கற்றுக்கொண்டார். போப் எழுதிய ‘யாஹி வில்வித்தை’ என்ற ஆய்வு 1918இல் வெளியானது.

மரம் மட்டும் ஏன் போதாது?

ஒரு மூங்கில் பட்டையை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். வில்லிலும் இதேதான் நடக்கிறது. எய்பவருக்கு எதிரே, இலக்கைப் பார்த்து இருக்கும் பக்கத்தை வில்லின் முதுகு என்பார்கள். எய்பவரைப் பார்த்து இருக்கும் பக்கம் வயிறு. வளைக்கும்போது முதுகு நீள வேண்டும், வயிறு சுருங்க வேண்டும்.

மரம் நசுக்கலை ஓரளவு தாங்கும். ஆனால் இழுத்தால் அதிகம் நீளாது. ஏறக்குறைய 1 விழுக்காடு நீண்டதுமே விரிசல் விட்டுவிடும். வில் பெரும்பாலும் முதுகுப் பக்கத்தில்தான் முறியும். இதைத் தவிர்க்க ஒரு வழி, வில்லை நீளமாகச் செய்வது. இங்கிலாந்தின் பழைய நெடுவில் ஓர் ஆள் உயரம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நீளம் கூடினால் வளைவு பரவலாகி, எந்த ஓர் இடத்திலும் இழுவை அதிகம் விழாது.

ஆனால் புதருக்குள் குனிந்து பதுங்கிப் போகும் வேடனுக்கு ஆள் உயர வில் இடைஞ்சல். குட்டையான வில் வேண்டும், அது முறியவும் கூடாது. அங்கேதான் தசைநார் உதவுகிறது. தசையை எலும்போடு பிணைக்கும் இந்த நார், மரத்தைவிடப் பல மடங்கு அதிகமாக நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். நம் குதிகாலுக்கு மேலே தடவினால் கயிறு போல் தட்டுப்படுவதும் இதுதான். முதுகில் நாரை ஒட்டிவிட்டால் இழுவையை நார் வாங்கிக்கொள்ளும். நசுக்கலை மரம் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஈரமாக ஒட்டிய நார் காயும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் வில்லை எதிர்ப்பக்கமாக இழுத்து வைக்கும். நாண் ஏற்றும் முன்பே வில்லுக்குள் ஒரு விறைப்பு ஏறி நிற்கும்.

மரத்தைத் தேர்ந்து செதுக்குதல்

இஷி பயன்படுத்தியது மலைப்பகுதியில் வளரும் ஜூனிப்பர் மரம். கிளையைப் பிளந்து, வெளிப்புற அடுக்கை மட்டும் எடுத்துக்கொள்வார். வைரம் பாய்ந்த நடுப்பகுதியைவிட, பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி வளைந்து கொடுக்கும். பிளந்து எடுப்பதிலும் காரணம் இருக்கிறது. ரம்பத்தால் அறுத்தால் மரத்தின் இழைகள் குறுக்கே வெட்டுப்படலாம். பிளக்கும்போது பிளவு இழையின் போக்கிலேயே ஓடும்.

வில்லின் நீளத்துக்கு அவருடைய உடம்பே அளவுகோல். பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை. அது 42 அங்குலம், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு கைகளின் நடுப்பகுதியில் அகலம் சுமார் 2 அங்குலம், கனம் அரை அங்குலம். பிடியில் அகலம் குறைந்து கனம் கூடும். செதுக்கிய மரத்தை மணற்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார்.

இரு நுனிகளையும் சூடேற்றிய கல்லின் மேல் வைத்து எதிர்ப்பக்கமாக லேசாக வளைப்பார். அந்த வளைவு மாறாமல் இன்னொரு கட்டையோடு சேர்த்துக் கட்டி, இருட்டான உலர்ந்த இடத்தில் போட்டுவிடுவார். அது சில மாதங்கள் கிடக்கும். அவசரமில்லை என்றால் ஆண்டுக்கணக்கிலும் கிடக்கும். பச்சை மரத்தில் செய்த வில் வளைந்தபடியே தங்கிவிடும், வேகம் தராது.

பசையும் நாரும்

பசைக்கு சால்மன் மீனின் தோலைக் கொதிக்க வைத்தார் இஷி. ஆட்டுக்கால் சூப் ஆறியதும் பாத்திரத்தில் கெட்டியாக உறைவதைப் பார்த்திருப்போம். அதே பொருள்தான் இதுவும். தோல், எலும்பு, நார் ஆகியவற்றில் உள்ள புரதம் வெந்நீரில் கரைந்து பசையாகிறது. ஆசாரிமார் முன்பு மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரமும் இந்த வகைதான்.

முதலில் வில்லின் முதுகைச் சொரசொரப்பாக்கி, பசையைத் தடவி உலர விடுவார். அடுத்து நார். மானின் கால் தசைநாரை எடுத்து வாயில் போட்டு மெல்லுவார். மெல்ல மெல்ல அது இளகி, நூல் நூலாகப் பிரிந்து, ஒட்டும் பதத்துக்கு வரும். இன்று இந்த வில்லைச் செய்பவர்கள் பெரும்பாலும் காய்ந்த நாரைச் சுத்தியலால் தட்டிப் பிரித்து, இளஞ்சூடான பசையில் ஊறவைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இழைகளை முதுகு முழுவதும் நீளவாக்கில், ஒன்றின் நுனி மற்றொன்றின் மேல் ஏறி நிற்கும்படி நெருக்கமாக அடுக்க வேண்டும். செங்கல் சுவரில் இணைப்புகள் ஒரே நேர்க்கோட்டில் வரக் கூடாது என்பது போலத்தான். நுனிகளில் நார் மரத்தை முழுவதுமாகச் சுற்றிக்கொள்ளும். பிறகு வில்லோ மரப்பட்டையின் மெல்லிய நாடாக்களால் இறுக்கிச் சுற்றி உலர விடுவார். சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்து, ஓரங்களைச் சீவி, மேலே மீண்டும் பசை பூசி மணற்கல்லால் தேய்ப்பார். பிடியில் 4 அங்குலத்துக்கு மான் தோல் வாரைச் சுற்றினால் வில் தயார்.

நாணும் தசைநார்தான். காலின் மெல்லிய நாரை மென்று, முறுக்கி, 8இல் ஒரு பங்கு அங்குலப் பருமனுள்ள கயிறாகத் திரிப்பார். இப்படிச் செய்த வில்லை முழுதாக இழுக்க ஏறக்குறைய 20 கிலோ இழுவிசை தேவைப்பட்டது. தூரத்தை நம்பி எய்யும் வில் அல்ல இது. சத்தமில்லாமல் அருகே நெருங்கி எய்வதே இஷியின் வேட்டை முறை.

வில்லுக்கும் மரியாதை

நாண் ஏற்றியபடியோ நிமிர்த்தியபடியோ வைத்தால் வில் களைத்துப்போகும் என்பார் இஷி. வேலை முடிந்ததும் படுக்க வைக்க வேண்டும்; அதை யாரும் தாண்டக் கூடாது; பிள்ளைகள் எடுத்து விளையாடக் கூடாது. நம்பிக்கையாகச் சொன்னாலும் இதில் தொழில் அறிவும் இருக்கிறது. நாணோடு நெடுநேரம் வளைந்தே இருக்கும் மரம் விறைப்பை இழந்துவிடும் என்பது வில் செய்யும் எவருக்கும் தெரிந்ததே.

ஈரம் இந்த வில்லுக்கு எதிரி. ஊர்வலத்துக்கு முன் உறுமியையும் தப்பையும் தீயில் காட்டிச் சூடேற்றுவார்கள். காற்றின் ஈரத்தை வாங்கிய தோல் தொய்ந்து, ஓசை மங்கிவிடும் என்பதால்தான். தசைநாரும் அப்படியே. ஈரத்தை உறிஞ்சினால் இளகும். பசை பிடி விடும். அதனால்தான் நார் ஒட்டிய வில்கள் மேற்கு அமெரிக்கா, மத்திய ஆசியப் புல்வெளி, துருக்கி போன்ற வறண்ட பகுதிகளில் செழித்தன. மலேசியா போன்ற மழைநாட்டில் அப்படி ஒரு வில்லைச் சுவரில் மாட்டி வைப்பதாக இருந்தாலும், ஈரம் படாமல் காப்பதே தனி வேலையாகிவிடும். இஷி தன் வில்லை மலைச்சிங்கத்தின் வால் தோலில் செய்த உறையில் வைத்திருந்தார்.

மிஞ்சியது என்ன?

1916 மார்ச் 25ஆம் தேதி காசநோயால் இஷி இறந்தார். வெளியுலகில் அவர் வாழ்ந்தது ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. தகனத்தின்போது ஒரு வில்லும் ஐந்து அம்புகளும் ஒரு கூடை ஓக் கொட்டை மாவும் அவரோடு வைக்கப்பட்டன. ஆனால் குரோபரின் எதிர்ப்பையும் மீறி உடற்கூறு ஆய்வு நடந்தது. அவரது மூளை தனியே எடுத்து வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில்தான் அது உறவு இனத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு, சாம்பலோடு சேர்த்து அடக்கம் செய்யப்பட்டது.

போப் அந்தக் கலையை விடவில்லை. 1923இல் அவர் எழுதிய வில் வேட்டை நூலைப் படித்துப் பலர் கையால் வில் செய்யத் தொடங்கினார்கள். இன்றும் நார் ஒட்டிய வில் செய்வோர் அவர் குறித்து வைத்த அளவுகளைத் தேடிப் படிக்கிறார்கள்.

யாஹி மொழியைத் தாய்மொழியாகப் பேச இன்று ஒருவரும் இல்லை. வில் செய்யும் முறை மட்டும் தப்பியது. அதற்குக் காரணம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டு, செய்து பார்த்து, அங்குலக் கணக்கோடு எழுதி வைத்தார். தோட்டத்தில் மூங்கில் கூடை முடைந்தவர்களும், உறுமிக்குத் தோல் கட்டியவர்களும், பச்சிலை மருந்து அரைத்தவர்களும் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.