வைத்தியர் வரும் வரையில்

மனிதருக்கு நேரும் ஆபத்துகளுள் அவகாசமே அளிக்காதது ஒன்று உண்டு. அதுவே இருதயம் திடீரென நின்றுபோதல். பேசிக்கொண்டிருந்தவர் சாய்கிறார், அழைத்தால் விடையில்லை, மூச்சும் இல்லை. அக்கணம் முதல் மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்படுகிறது. நான்கைந்து நிமிஷங்களில் மூளை பழுதுறத் தொடங்கும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கைக் குறைக்கிறது என்பது வைத்தியத் துறையினர் கணக்கு. டில்லியிலோ மும்பையிலோ, தெரு நெரிசலைக் கடந்து அந்த நேரத்திற்குள் ஆம்புலன்ஸ் நம் வாயிலை அடையும் என்று நம்பியிருப்பதற்கில்லை.

அப்படியாயின், வைத்தியம் கல்லாத நாம் அவ்வேளையில் கை வைக்கலாமா? வைக்கலாம் என்பதன்று, வைத்தே தீரவேண்டும் என்பதே இன்றைய வைத்திய உலகின் விடை.

நின்ற இருதயத்தை இயக்க மார்பைத் திறந்து கையால் பிசைவதே முன்னாளில் வழியாயிருந்தது. அது சத்திரசிகிச்சை நிபுணருக்கே இயன்ற காரியம். 1960-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர், மார்பை வெளியிலிருந்து அழுத்தியே இரத்தவோட்டத்தை ஓரளவு நடத்தலாம் என்று காட்டினர். இதற்குக் கருவி வேண்டா, இரு கைகள் போதும் என்பதே அவர்தம் கட்டுரையின் சாரம். அம்மூவருள் ஜூட் ஒருவரே டாக்டர்; ஏனைய இருவரும் மின்சாரப் பொறியியலார் என்பது கருதத்தக்கது.

எனினும் வைத்தியர் செய்வதும் நாம் செய்வதும் ஒன்றல்ல. அவர் கழுத்து நாடியைப் பத்து விநாடிக்குள் ஆராய்கிறார், முப்பது அழுத்தத்திற்கு இரு முறை மூச்சு ஊட்டுகிறார், மின்னதிர்ச்சி தந்து இருதயத்தின் தாறுமாறான துடிப்பை ஒழுங்குபடுத்துகிறார், மருந்து செலுத்துகிறார், நோயின் காரணத்தைத் தேடுகிறார். இவற்றுள் ஒன்றேனும் நம்மிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. பயிலாதவர் நாடி தேடினால் பிழைபடுவார், பொழுதும் வீணாகும். தட்டி அழைத்தும் உணர்வில்லை, இயல்பான மூச்சில்லை என்றால், உடனே அழுத்தத் தொடங்குவதே நமக்குரிய விதி. கரையிலிட்ட மீனைப்போல் வாய் திறந்து திணறுவதை மூச்சென்று மயங்கலாகாது.

பயிற்சியற்றோர் மார்பை அழுத்தினாலே போதும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2008-இல் அறிவித்தது. நம் நாட்டு மயக்க மருந்து நிபுணர்களும் 2017-இல் பொதுமக்களுக்கு இம்முறையையே வகுத்தளித்தனர். திடீரென விழுந்தவரின் இரத்தத்தில் சில நிமிஷங்களுக்குப் போதிய பிராணவாயு எஞ்சியிருக்கும். அதனை மூளைக்கு ஓட்டுவதே முதல் வேலை. நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகட்கும் மூச்சுக் குறைவே பெரும்பாலும் மூலகாரணமாதலால், மூச்சு ஊட்டலும் வேண்டும். அதனைக் கற்றிராதவர் அழுத்துவதையேனும் விடலாகாது.

செய்முறை எளிது. ஒருவர் 112-ஐ அழைக்க, மற்றொருவர் நோயாளியைக் கெட்டியான தரையில் மல்லாத்தவேண்டும். மார்பின் நடுவெலும்பில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்தவேண்டும். பெரியவர்க்கு ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். வேகம் நிமிஷத்திற்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ இடங்கொடுக்கவேண்டும். இரண்டு நிமிஷத்திற்கு ஒருமுறை ஆள் மாறலாம், இடைவெளி கூடாது.

விலா எலும்பு முறியுமே என்ற அச்சம் இயல்பே. சிலவேளை முறிவதும் உண்டு. முறிந்த எலும்பு கூடும். நின்ற இருதயம் தானே இயங்காது. வழக்கு வருமோ என்ற தயக்கமும் வேண்டா. சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையிலிருப்பவர்க்கு நல்லெண்ணத்துடன் அவர் நன்மைக்காகச் செய்ததைப் பாரதீய நியாய ஸம்ஹிதையின் 30-ஆம் பிரிவு குற்றமாகக் கொள்வதில்லை. சாலை விபத்தில் உதவுவோர்க்கு 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. ஊரிலிருந்து வந்து தங்கும் வயோதிகப் பெற்றோருக்குப் பகற்பொழுதில் மருமகளோ பள்ளிச் சிறுவனோதான் துணை. ஓடிவரச் சுற்றத்தார் அருகில் இரார். ஆகவே வீட்டு முகவரியையும் அடையாளத்தையும் அவ்வூர் மொழியில் தெளிவாகச் சொல்ல, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். அண்டை வீட்டாருடன் பழகிவைப்பதும், வாயிற்காவலர் வண்டிக்கு வழிவிட அறிந்திருப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

நம் அங்கத்தினருள் டாக்டர்களும் நர்ஸுகளும் இருக்கின்றனர். ஒரு ஞாயிறு மாலை பொம்மையொன்றை வைத்து அவர்கள் இதனைக் கற்பிக்க முன்வரின், கலை நிகழ்ச்சிக்குக் கூடும் அளவு கூட்டம் இதற்கும் கூடவேண்டும். வைத்தியரின் திறமை நமக்கு வாராது. ஆயினும் அவர் வருமுன் கழியும் நிமிஷங்கள் நம் கைகளுக்கே உரியவை.