வான்மேடையும் எல்லைக் கிராமங்களும்

சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஆளில்லா விமானம் கைப்பேசிக் கோபுரமாகவும் பணியாற்ற இயலும். இத்தகைய விமானத்தின் சிறிய வடிவம் 2024-இல் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் சோதிக்கப்பட்டது. இதில் ஆன்டெனாவின் தேர்வே முதன்மையானது.

கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். அலைக்கற்றையின் கோணம் 60 பாகையானால், விமானத்தின் நேர்கீழே 23 கிலோமீட்டர் விட்டமுள்ள பரப்பில் அது விழும். பாறசாலையை அடுத்துள்ள தமிழகத்தின் களியக்காவிளையும் அதனுள் அகப்படும். அலைவரிசை உரிமமோ இரு மாநிலங்களுக்கும் தனித்தனியே வழங்கப்படுகிறது. எனவே எல்லை தாண்டும் அலைகள் அண்டைக் கிராமத்தாரின் அழைப்புகளைக் குலைக்கக்கூடும்.

10 பாகைக் கற்றை ஏறத்தாழ 3.5 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆயினும் கற்றை குறுகக் குறுக ஆன்டெனா பெரிதாகும், எடையும் கூடும். ஆகவே எல்லையோரத்திற்குக் குறுகிய கற்றைகளும் உட்பகுதிக்கு அகன்றவையும் அமைப்பதே பொருத்தமாகும்.