பச்சை காட்டினால் போதுமா?

பரம்பிக்குளம் அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில், இயக்குவது தமிழகம். 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் அதன் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து போனது. எதிர் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததுதான் காரணம். விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. அளவுகோலில் நீர்மட்டம் மட்டும்தான் தெரியும், சங்கிலி தெரியாது.

எலாஸ்டிக்சர்ச் தேடுபொறியை நடத்துகிறவர்கள் பலருக்கும் 'கிளஸ்டர் ஹெல்த்' ஏபிஐதான் அந்த அளவுகோல். அது பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு நிறம் சொல்லும். முதன்மை ஷார்டு (தரவின் ஒரு துண்டு) ஒன்றாவது இடமின்றி நின்றால் சிவப்பு; அதன் நகல் மட்டும் நின்றால் மஞ்சள்; எல்லாம் இடத்தில் இருந்தால் பச்சை. நிறம் பதில் சொல்வது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

ஒரே சர்வரில் ஓடும் கிளஸ்டரில் நகலுக்கு இடமில்லை, அதனால் மஞ்சள் காட்டும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நகல் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குபவர்கள் உண்டு. உடனே பச்சை வந்துவிடும். அந்த வட்டு பழுதானால் தரவும் போய்விடும்.

வட்டு நிரம்புவது இன்னும் நயவஞ்சகமானது. இயல்பு அமைப்பில் 85 சதவீதத்தைத் தாண்டினால் புதிய நகல்கள் அங்கே வராது. 90-இல், ஏற்கெனவே அங்கே இருக்கும் ஷார்டுகள் வேறிடம் நகரத் தொடங்கும். 95-இல் இண்டெக்ஸ்கள் எழுத முடியாதபடி பூட்டப்படும். (பெரிய வட்டுகளுக்குப் புதிய பதிப்புகளில் கணக்கு சற்று வேறு.) பூட்டிய பிறகும் ஷார்டுகள் இருந்த இடத்திலேயே இருப்பதால் நிறம் பச்சையாகவே இருக்கலாம். தேடல் நடக்கும், புதிய பதிவு மட்டும் ஏறாது. வாடிக்கையாளர் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது.

அதனால் வட்டு நிலவரத்தை 'கேட் அலொகேஷன்' ஏபிஐ வழியே தனியாகப் பாருங்கள். 8.7 பதிப்பு முதல் உள்ள 'ஹெல்த் ரிப்போர்ட்' வட்டையும் ஸ்னாப்ஷாட் எனும் காப்புப்பிரதியின் நிலையையும் சேர்த்தே சொல்கிறது. ஸ்னாப்ஷாட் இருப்பது மட்டும் போதாது, வேறொரு சர்வரில் மீட்டுப் பார்க்க வேண்டும்.

நிறம் காட்டாத இன்னொன்று, பூட்டாத கதவு. 2017 ஜனவரியில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான எலாஸ்டிக்சர்ச் சர்வர்களில் புகுந்தவர்கள் தரவை அழித்து, பிட்காயினில் பணம் கேட்டுக் குறிப்பு விட்டுப் போனார்கள். அழிந்த இண்டெக்ஸுக்கு நிறமே கிடையாது. மிச்சமிருப்பவை சரியாக இருந்தால் கிளஸ்டர் பச்சைதான். 8.0 பதிப்பிலிருந்து பாதுகாப்பு தானாகவே இயங்குகிறது, பழையவற்றில் நாம்தான் இயக்க வேண்டும்.

உங்கள் சர்வரின் 9200 போர்ட்டை அலுவலகத்துக்கு வெளியிலிருந்து, கடவுச்சொல் தராமல் கேட்டுப் பாருங்கள். பச்சை என்று பதில் வந்தால் அந்த வழியை உடனே மூடுங்கள்.