ஈறு கெட்டால் இதயத்துக்கும் கேடா?



பல் விளக்கித் துப்பும்போது எச்சிலோடு இரத்தம் வருகிறதா? "அட, குச்சி குத்தியிருக்கும், இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்று பலரும் விட்டுவிடுகிறோம். நல்ல ஈறிலிருந்து இரத்தம் வராது என்பதை நினைவில் வையுங்கள்.

ஈறு நோய் எப்படி வருகிறது?

பல்லின் மேல் படியும் ஊத்தையில் கிருமிகள் வளர்கின்றன. அன்றாடம் விளக்காவிட்டால் ஊத்தை கல்போல் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்கும். நாளாவட்டத்தில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும். பெரும்பாலும் வலி இராது, அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

இதயத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புண்ணான ஈறு வழியே கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. ஈறு நோய் உள்ளவர்களிடையே மாரடைப்பு அதிகம் காணப்படுகிறது. ஆனால் ஈறு நோய்தான் மாரடைப்புக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் ஆராய்ந்து இதையே கூறியது. பீடி, சிகரெட், சர்க்கரை நோய் ஆகியவை ஈறையும் கெடுக்கும், இதயத்தையும் கெடுக்கும். ஆகவே, "பல்லைத்தான் நல்லா விளக்குறேனே, பீடி குடிச்சா என்ன?" என்று எண்ண வேண்டாம்.

யாருக்கு நேரடி ஆபத்து?

சிறு வயதில் மூட்டு வீக்கத்துடன் காய்ச்சல் வந்து, அதனால் இதய வால்வு கெட்டவர்களுக்கும், செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். வாயிலுள்ள கிருமி வால்வில் ஒட்டி வளர்ந்தால் உயிருக்கே மோசம். இவர்கள் பல் பிடுங்குமுன் வால்வுக் கோளாறைப் பல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தேவைப்பட்டால் அவர் முன்கூட்டியே மருந்து கொடுப்பார். காய்ச்சல் விடாமல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. காலையிலும் இரவு படுக்குமுன்னும் மென்மையான பிரஷ், புளோரைடு பற்பசை கொண்டு 2 நிமிடம் விளக்குங்கள். செங்கல் தூள், கரி வேண்டாம், பல் தேயும்.

2. பீடி, சிகரெட், புகையிலையை அடியோடு விடுங்கள்.

3. காரையைப் பல் டாக்டரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். "காரை எடுத்தா பல் ஆடும்" என்பது வீண் பயம்.

4. கர்ப்ப காலத்தில் ஈறு எளிதில் வீங்கும். அப்போதும் பல் விளக்குவதை நிறுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் காட்டலாம். மாசமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

5. 30 வயது கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல்லோடு நிற்காமல் இருக்க, ஈறில் இரத்தம் கண்டால் கணவர் மனைவியையும், மனைவி கணவரையும் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.