பிடுங்கிவிடலாமா, காப்பாற்றலாமா? பல் சிகிச்சையும் நம் உரிமையும்

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குச் செல்லும் வழக்கறிஞர்களாகிய எங்களிடம் பட்டா, சாதிச் சான்றிதழ், வன்கொடுமை வழக்கு ஆகியவை குறித்த கேள்விகளே பெரும்பாலும் வரும். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் வேளையில் வருபவை வேறு வகையானவை. "பல் ரொம்ப வலிக்குதுங்க, பிடுங்கிடலாங்களா?" "மகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பா இருக்கு, கல்யாணத்துக்குள்ள வெள்ளையாக்க முடியுமா?" "அடிச்சதுல பல் போயிடுச்சு, கேஸ் நிக்குமா?" நாங்கள் மருத்துவர்கள் அல்லர். முகாம்களில் உடன்வரும் பல் மருத்துவ நண்பர்களிடம் கேட்டறிந்தவற்றையும், வழக்குகளுக்காகப் படித்தவற்றையும், சட்டம் சொல்வனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதல் கேள்விக்குரிய விடை, சொத்தை எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலிலோ அதன் அடியிலோ நின்றுவிட்டால், சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்தால் போதும். உள்ளே இருக்கும் நரம்புப் பகுதியைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை தேவை. வேரே உடைந்துபோன பல்லையும், தாங்கும் எலும்பு கரைந்து ஆடும் பல்லையும்தான் பெரும்பாலும் பிடுங்க நேரும். இடையில் வலி தானாக நின்றுவிடுவது உண்டு. குணமாகிவிட்டது என்று பலரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பல வேளைகளில் அங்கே நரம்பு செத்துவிட்டது என்பதே அதன் பொருள். அடுத்ததாக வேர் நுனியில் சீழ் கட்டும், கன்னம் வீங்கும். மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை இந்த இடைவெளியை நீட்டித்துத் தருகிறதே ஒழிய, சொத்தையை நிறுத்துவதில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நம் மக்களில் பலர் பிடுங்குவதையே தேர்கிறார்கள். காரணம் அறியாமை அன்று. பிடுங்குவது ஒரே நாளில் முடியும். வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வரவேண்டும். தினக்கூலி வாங்குபவருக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. தனியார் மருத்துவமனையில் சிகிச்சைக்கும் அதன்மேல் போடும் உறைக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். இந்தக் கணக்கை நோயாளி போடுவதில் தவறில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தவரின் உடையையும் செருப்பையும் பார்த்து மருத்துவரே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, "இது பிடுங்க வேண்டிய பல்" என்று சொல்லிவிடுவதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். அது பணம் எடுத்த முடிவு. மருத்துவம் எடுத்த முடிவாக அதைச் சொல்லக் கூடாது. சமீரா கோலி வழக்கில் 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: சிகிச்சையின் தன்மை, அதற்கு மாற்றாக உள்ள வழிகள், அதிலுள்ள முக்கிய ஆபத்துகள், சிகிச்சையை மறுத்தால் நேரக்கூடிய விளைவுகள் ஆகியவற்றைச் சொல்லிய பிறகு பெறும் ஒப்புதலே ஒப்புதல். ஆகவே, "இந்தப் பல்லைக் காப்பாற்ற வழி உண்டா? இங்கே இல்லையென்றால் எங்கே உண்டு?" என்று கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது.

எங்கே உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். சென்னையிலும் கடலூர் மாவட்டத்திலும், 2023 முதல் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. தாலுகா மருத்துவமனையில் பிடுங்குவது மட்டுமே நடக்கிறது என்றால், மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருமாறு கேளுங்கள்.

போன ஒரு பல்லால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி. இராணுவ ஆள்சேர்ப்பில் பற்களுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 22 புள்ளிகளில் குறைந்தது 14 இருந்தாக வேண்டும். எதிர்த்தாடையில் இணையான பல் இருந்தால்தான் புள்ளி கிடைக்கும். கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு புள்ளி. பதினைந்து வயதில் பிடுங்கப்பட்ட கடைவாய்ப் பல், மேலே நன்றாக இருக்கும் அதன் இணையையும் கணக்கில் இல்லாமல் செய்துவிடுகிறது. ஓட்டத்தில் வென்றுவிட்டு மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருவதன் வலியை அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிவார்கள்.

வேறு சில ஐயங்களைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகாது. இரண்டுக்கும் வெவ்வேறு நரம்புகள். பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பதும் தவறு. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் கல்லாகப் படிந்திருந்த காரை நீங்கியதும் வெற்றிடம் தெரிகிறது, அவ்வளவே. அந்தக் காரையை விட்டுவைத்தால்தான் எலும்பு கரைந்து பல் ஆடும். செங்கல் தூளும் கரியும் கறையோடு எனாமலையும் தேய்த்துவிடுகின்றன. எனாமல் மீண்டும் வளராது. புகையிலை கலந்த பற்பொடிக்கு இந்திய அரசு 1992ஆம் ஆண்டே தடை விதித்துவிட்டது. துர்நாற்றத்தைத் தாங்குவதற்காகப் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாதுகாப்புக் கருவி தராமல் உங்களை இறக்கிவிட்டவர்களின் பொறுப்பு குறித்துத் தனியாகவே எழுத வேண்டும்.

கருவிகள் சுத்தமானவையா என்று கேட்கத் தயங்காதீர்கள். வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுள் எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் கிருமித் தொற்றால் 2023ஆம் ஆண்டு இறந்தார்கள். சரியாகச் சுத்திகரிக்கப்படாத கருவியால் உப்புநீர்க் குப்பியைத் திறந்து, அதே நீரைப் பலருக்கும் பயன்படுத்தியதைப் பின்னர் வெளிவந்த ஆய்வு காரணமாகச் சுட்டியது.

பழுப்புப் பல் யாருடைய குற்றம்?

பல்லை வெள்ளையாக்கும் ஆசையை ஆடம்பரம் என்று இகழ எங்களுக்கு மனமில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்ணுக்கும், நேர்காணலில் உதட்டைத் திறக்காமல் பதில் சொல்லும் பட்டதாரிக்கும் அது ஆடம்பரம் அன்று. பல்லின் நிறத்தைக் கண்டதும் "இவர்கள் பல்கூடத் தேய்க்க மாட்டார்கள்" என்று முடிவுகட்டும் கண் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

வெற்றிலை, தேநீர், புகையிலை ஆகியவற்றால் வந்த வெளிக்கறை, சுத்தம் செய்து மெருகேற்றினாலே பெரும்பாலும் போய்விடும். அதற்குமுன் 'பிளீச்சிங்' செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பிளீச்சிங் என்பது பெராக்சைடு கலந்த பசையால் பல்லின் நிறத்தைக் குறைப்பது. சில நாள் பல் கூச்சம் வரலாம். விளைவும் நிரந்தரம் அன்று. அடைத்த இடத்திலும் உறையிலும் நிறம் மாறாது. அழகான சிரிப்புக்காக நல்ல பற்களைச் சீவி உறை மாட்டுவதற்கு ஒப்புக்கொள்ளுமுன் இருமுறை யோசியுங்கள். சீவிய பல் சீவியதுதான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நாம் காணும் பழுப்பு வேறு. அது தேய்க்காததால் வந்தது அன்று, நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் வந்தது. நிரந்தரப் பற்களின் எனாமல் தாடைக்குள் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான காலத்தில் அந்த நீரைக் குடித்த குழந்தைக்கு, பல் முளைக்கும்போதே வெள்ளைத் திட்டாகவோ பழுப்பாகவோ வருகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இலேசான திட்டுகளுக்கு பிளீச்சிங்கோ மேற்பரப்பை மிக நுண்மையாகத் தேய்த்தெடுக்கும் முறையோ உதவும். ஆழ்ந்த பழுப்புக்குப் பல் நிறப் பூச்சும், குழிவிழுந்த பல்லுக்கு உறையும் தேவைப்படும். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். அந்தக் குழாய் உங்கள் குடியிருப்பு வரை வருகிறதா, அல்லது ஊர்த்தெருவோடு நின்றுவிட்டு உங்களுக்குப் பழைய ஆழ்துளைக் கிணறே மிஞ்சியிருக்கிறதா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைப் பரிசோதித்து, முடிவை கிராமசபைத் தீர்மானத்தில் பதியச் செய்யுங்கள். தூய நீர் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டே கூறியிருக்கிறது.

வாய்க்குள் வரவேண்டிய கை

காத்தியவாரில் தலித் ஆசிரியர் ஒருவரின் மனைவி பிரசவத்திற்குப் பின் நோயுற்றபோது, மருத்துவர் அவரைத் தொட மறுத்ததையும், வெப்பமானியை இசுலாமியர் ஒருவர் வழியாகக் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்து, அதே வழியில் திருப்பி வாங்கிக்கொண்டதையும், அந்தப் பெண் இறந்துபோனதையும் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். அது 1929இல் நடந்தது. வெப்பமானியை இடையாள் வழியாகக் கொடுக்கலாம். பல்லை அப்படிப் பார்க்க முடியாது. மருத்துவரின் விரல் எச்சிலில் நனைந்தாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, முகவரியைக் கேட்டதும் குரல் மாறுவது, வாயைத் திறந்து பார்க்காமலே மாத்திரை எழுதி அனுப்புவது, வரிசையில் பின்னுக்குத் தள்ளுவது என்னும் முறையீடுகள் பல் சிகிச்சை பற்றிய பேச்சில் எங்களுக்கு அடிக்கடி வருகின்றன.

தீண்டாமையின் பெயரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 5ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 3(1)(இசட்ஏ) பிரிவு, மருத்துவமனை, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றில் நுழைவதைத் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. சாதி சொல்லி இழிவுபடுத்தினால், அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்கும். ஆகவே காத்திருப்போர் இருக்கையில் யார் யார் இருந்தார்கள் என்பதை அன்றே குறித்துவையுங்கள்.

உடைந்த பல்

"பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன்" என்னும் மிரட்டலைக் கேளாத சேரி இல்லை. அம்பாசமுத்திரம் பகுதிக் காவல் நிலையங்களில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக 2023 மார்ச்சில் எழுந்த குற்றச்சாட்டு நமக்கு மறக்கவில்லை. சட்டத்தில் பல்லுக்கு எலும்புக்கு நிகரான இடம் உண்டு. பல் முறிவதும் இடம்பெயர்வதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயம். தன்னிச்சையாக அதை விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை. சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரைதான். உதட்டுக் கிழிசலை மட்டும் பதிந்துவிட்டுப் பல்லை விட்டுவிட்ட காயச் சான்றிதழ், வழக்கை முதல் நாளிலேயே சிறிதாக்கிவிடுகிறது.

இங்கே நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒரு துயரம் உண்டு. விழுந்த பல்லைச் சான்றாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, புகார் வாங்கும் வரை காவல் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். முழுதாக வெளிவந்த நிரந்தரப் பல்லை அரை மணி நேரத்திற்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்திற்குள், மீண்டும் பொருத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. உலர்ந்துவிட்டால் வாய்ப்பு மங்கிவிடும். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், பாலில் போட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். காவல் நிலையம் பிறகு. சட்ட நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கூடாது என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதினாலே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். பல்லைப் பொருத்திவிட்டால் சான்று போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். யார், எதனால் அடித்தார்கள் என்று நீங்கள் சொன்னது அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும். படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு சொல்லப்போவது எங்களுக்கு மனப்பாடம்: "அது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்." ஆகவே பல் மருத்துவரின் கருத்தைத் தனியே பெறுவதும், எக்ஸ்ரே எடுப்பதும், பக்கத்துப் பற்களும் ஈறும் எந்நிலையில் இருந்தன என்று எழுதச் செய்வதும் இன்றியமையாதவை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 11ஆம் விதி, மருந்துக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் ஆன செலவைத் திரும்பப் பெற வழிசெய்கிறது. பேருந்துச் சீட்டு உட்பட எல்லா ரசீதையும் வைத்திருங்கள். வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச சட்ட உதவி தர வேண்டும்; சாதிச் சான்றிதழின் நகலை உடன் எடுத்துச் செல்லுங்கள்.