டீசல் குடிக்கும் சிப்பி! காசிமேட்டில் படகுக்கு 'குளியல்'

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டு மீனவருக்கு ஓய்வு என்று நினைத்தால் தப்பு! விசைப்படகைக் கரையேற்றி வயிற்றைச் சுரண்டவே நேரம் போதாது.

தண்ணிக்கு மேலே இருப்பது சுலபம். உப்புக்கறையைக் கழுவித் தேய்த்து பெயிண்டு அடித்தால் படகு புது மாப்பிள்ளைதான். கீழேதான் தலைவலி. பாசியும் சிப்பியும் அப்பிக்கொண்டால் படகு நகராது. டீசல் மட்டும் தண்ணியாய்ச் செலவாகும். சுரண்டிவிட்டு, தாமிரம் கலந்த பெயிண்டு பூசினால் சிப்பி சீக்கிரம் ஒட்டாது.

மரப்படகுக்கு இன்னொரு எமன் உண்டு: மரப்புழு. வெளியே ஊசித்துளை, உள்ளே பலகையே காலி! நடுக்கடலில் தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது? அதனால் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சொத்தைப் பலகையை மாற்றி, இடுக்கில் பஞ்சுத்திரி திணித்த பிறகே பெயிண்டு டப்பாவைத் திறக்கிறார்கள்.